மலை இறக்கத்தில் லாரி: கியரும் எக்சாஸ்ட் பிரேக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேட்டுப்பாளையத்தில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு இருபது வருடத்துக்கு மேல் குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று லோடு அடித்தவன் நான். போகும்போது சிமெண்ட், கம்பி, உரம். வரும்போது கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தேயிலை. இப்போது புதிதாக மலை ஏறுகிற தம்பிகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சமவெளியில் பத்து வருடம் ஓட்டிவிட்டு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

குன்னூரிலிருந்து லோடோடு இறங்கும்போது எந்த கியர் போட வேண்டும்?

எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே நம்பர் கிடையாது. ஆனால் பார்க்கும் முறை ஒன்றுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, எக்சாஸ்ட் பிரேக்கையும் (இன்ஜின் புகை போகும் வழியை அடைத்து வண்டியைப் பிடிப்பது, கீழே விளக்கியிருக்கிறேன்) போட்ட பிறகு, வண்டி தானாக வேகம் ஏறாமல் இறங்க வேண்டும். அப்படிப் பிடித்து வைக்கிற கியர்தான் உங்கள் கியர். வேகம் ஏறிக்கொண்டே போகிறது, அடிக்கடி கால் பிரேக்குக்குப் போகிறது என்றால் ஒரு கியர் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்.

நிறை லோடு ஆறு சக்கர வண்டி என்றால் அடிவாரத்துக் கல்லார் வரைக்கும் பெரும்பாலும் மூன்றாவது, ஹேர்பின் (கொண்டை ஊசி) வளைவு வரும்போது இரண்டாவது. மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நான்காவதில் விடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கல்லார் வரும்போது கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது பத்து, பதினைந்து நிமிடம்தான். அதற்காகத் தேய்கிற பிரேக் லைனிங்கின் விலை தெரிந்தால் யாரும் அப்படி விட மாட்டார்கள்.

முக்கியமானது, இந்த கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். குன்னூர் ஊரைத் தாண்டியதும், ரோடு கீழே சாயும் முன், வேகத்தைக் குறைத்து கியரை மாற்றி எக்சாஸ்ட் பிரேக் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். சாய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அப்புறம் பார்க்க நேரம் இருக்காது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

அவர்கள் ஓட்டிய வண்டிக்குச் சரி. அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜின் சக்தி குறைவு. இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறும், அதே இரண்டாவது கியரில் இறங்கும். இப்போதைய டர்போ இன்ஜின் அதே மேட்டில் நான்காவதில்கூட ஏறிவிடுகிறது. அந்த நான்காவதிலேயே திரும்ப இறங்கினால் பிடிக்காது. புது வண்டி டயரும் பேரிங்கும் உரசல் குறைவாக உருள்வதால் அதுவும் இறக்கத்தில் வேகத்தைத்தான் கூட்டும். ஆகவே புது வண்டிக்கு, ஏறின கியரைவிட ஒன்று குறைத்து இறங்குவதே நல்லது.

எல்லா சக்கரத்திலும் ஏர் பிரேக் இருக்கிறதே, அதை வைத்தே இறங்கினால் என்ன?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். நடுவில் 1,500 மீட்டர் செங்குத்தான இறக்கம். ஆறு சக்கர லாரிக்குச் சரக்கோடு சேர்த்து இருந்த மொத்த எடை வரம்பு 16.2 டன், 2018-ல் அதை 18.5 டன் ஆக்கினார்கள். அந்த 18.5 டன் 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 270 மெகாஜூல். சாதாரணப் பச்சைத் தண்ணீர் 800 லிட்டரைக் கொதிக்க வைக்க அவ்வளவு சூடு போதும். எட்டு நூறு லிட்டர்! அவ்வளவு சூட்டையும் எங்காவது தள்ளியாக வேண்டும். இன்ஜின் வழியாகத் தள்ளினால் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் காற்றோடு போய்விடும். பிரேக்கால் பிடித்தால் நாலு மூலை டிரம்முக்குள்ளேயே தேங்கும்.

டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளிருந்து அதை அழுத்துகிற பிரேக் ஷூவை விட்டு விலகும். அப்போது காற்றால் ஷூவைத் தள்ளுகிற பிரேக் சேம்பரின் கம்பி இன்னும் நீளமாகத் தள்ள வேண்டும். அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. இன்னொரு பக்கம் லைனிங்கே சூட்டில் வழுக்க ஆரம்பிக்கும். நீங்கள் பெடலை முழுதாக மிதித்திருப்பீர்கள், ஏர் கேஜில் பிரஷர் நன்றாகவே காட்டும், வண்டி மட்டும் நிற்காது. "பிரேக் ஃபெயிலியர்" என்று ஊரில் பேசிக்கொள்வதில் நிறைய இதுதான். எந்தப் பார்ட்டும் உடைந்திருக்காது. சூடு ஆறிய பிறகு மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கும்.

எக்சாஸ்ட் பிரேக் என்ன செய்கிறது? இன்ஜின் பிரேக்கும் அதுவும் ஒன்றா?

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போலக் காற்றை மறிக்கிற திராட்டில் இல்லாததால், காலை எடுத்தாலும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் சக்தி குறைவுதான். அதற்காகச் சைலன்சர் போகும் வழியில் ஒரு பட்டாம்பூச்சி வால்வு வைத்திருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டு, ஆக்சிலேட்டரையும் கிளட்ச்சையும் விட்டால் அது மூடிக்கொள்ளும். டீசலும் நின்றுவிடும். வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன் மேலே தள்ள வேண்டியிருப்பதால் சக்கரத்தின் வேகம் அதிலேயே கரைகிறது. நம் பக்கத்து லாரிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

பெரிய இன்ஜின்களில் இன்ஜின் பிரேக் என்று சொல்லும் இன்னொரு வகை உண்டு. பிஸ்டன் மேலே போய்க் காற்றை நன்றாக அழுத்தி முடிக்கும் நேரத்தில் எக்சாஸ்ட் வால்வைத் திறந்து, அழுத்திய காற்றை வெளியே விட்டுவிடும். அழுத்துவதற்குச் செலவான சக்தி திரும்ப வராது. இது எக்சாஸ்ட் பிரேக்கைவிட நன்றாகப் பிடிக்கும். இதைக் கண்டுபிடித்தவர் கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-ல் கலிபோர்னியாவில் கஜோன் கணவாய் என்ற மலை இறக்கத்தில் அவர் வந்த லாரி பிரேக் பிடிக்காமல் ஓடியது. கீழே ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார். அது மனதிலேயே இருந்து, பல வருடம் கழித்து இந்த பிரேக்கை வடிவமைத்தார். 1961-ல் ஜேக்கப்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் அதை "ஜேக் பிரேக்" என்கிறார்கள். இன்ஜினைச் செய்தவரே இறக்கத்தில் பயந்தவர்தான் என்று தம்பிகளிடம் சொல்வேன்.

ரிடார்டர் என்பது வேறு. அது கியர்பாக்ஸ் அல்லது ஷாஃப்ட் பக்கம் எண்ணெயாலோ மின்காந்தத்தாலோ பிடிப்பது.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, இன்ஜின் சுற்று கூடினால்தான் இவை நன்றாகப் பிடிக்கும். டாப் கியரில் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் சுவிட்சைப் போட்டுவிட்டு "பிடிக்கவே இல்லை" என்று சொல்லக் கூடாது. நான் ஓட்டிய ஆறு சிலிண்டர் வண்டியில் 2,000 சுற்றை ஒட்டி வைத்தால்தான் உடம்பு முன்னால் சாய்வது தெரியும். இரண்டு, ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தக் காற்றே குறைவு என்பதால் மேலே பிடிப்பும் கொஞ்சம் குறையும்.

எக்சாஸ்ட் பிரேக் அதிகம் போட்டால் இன்ஜின் கெட்டுவிடுமா?

கெடாது. அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். இன்ஜினைக் கெடுப்பது மீட்டரில் சிவப்புப் பட்டைக்குள் சுற்றை விடுவது. மேட்டில், சுற்று எல்லை மீறாமல் டீசலைக் குறைக்கிற கவர்னர் காப்பாற்றும். இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. முள் சிவப்பை நெருங்கினால் கால் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். மேல் கியருக்கு மாற்றாதீர்கள்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார் முதலாளி. உண்மையா?

இல்லை. இதை முதலாளியிடமே சொல்லுங்கள். இப்போதைய காமன் ரெயில் (எலக்ட்ரானிக் முறையில் டீசல் விடும்) இன்ஜினில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஐடிலில் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு. பழைய பம்ப் இன்ஜினிலும் மிச்சம் என்பது லைனிங் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங் நின்றுவிடும். கை வலிக்கத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே ஏர் டேங்க் காலியாகிக்கொண்டிருக்கும். கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

பாதி இறக்கத்தில் கியர் குறைக்க வேண்டி வந்தால்?

முதலில் என் கதை. ஓட்ட ஆரம்பித்த இரண்டாம் வருடம். கேரட் லோடு, இரவு, லேசான தூறல். "இறக்கத்தில் பெரிய கியரில் விடு, மண்டிக்கு முதலில் போ" என்று அப்போதைய முதலாளி சொல்லியிருந்தார். மரப்பாலத்துக்குக் கீழே நான்காவதில் வேகம் ஏறிவிட்டது. மூன்றாவதுக்கு இழுத்தேன். நான்காவதிலிருந்து வெளியே வந்தது; மூன்றாவது விழவில்லை. கரகர என்று பல் உரசும் சத்தம் மட்டும். மறுபடி நான்காவதுக்குத் தள்ளினேன், அதுவும் விழவில்லை. வண்டி இப்போது எதிலும் இல்லை. ஒரு நொடியில் இன்ஜின் சத்தம் அமைதியாகிவிட்டது, டயர் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த அமைதி இன்றைக்கும் காதில் இருக்கிறது. மலைப்பக்கம் ரோட்டோர ஓடையில் இடது டயரை இறக்கி, மண்ணில் உரசி உரசித்தான் நிறுத்தினேன். கேபினின் இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கிளீனர் பையனுக்கு உதட்டில் நாலு தையல்.

ஏன் விழவில்லை? மூன்றாவது கியருக்கு அந்த வேகத்தில் இன்ஜின் பக்கம் எவ்வளவு சுற்ற வேண்டுமோ அவ்வளவு சுற்றவில்லை. நியூட்ரலில் போன ஒவ்வொரு நொடியும் வேகம் கூட, இடைவெளியும் கூடிக்கொண்டே போனது.

ஆகவே செய்ய வேண்டியது: முதலில் கால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, கீழ் கியருக்கு ஏற்ற வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகுதான் லீவரில் கை. சுற்றைத் தானே சமன் செய்யும் சிங்க்ரோமெஷ் கியர்பாக்ஸ் என்றாலும் டபுள் கிளட்ச் கற்றுக்கொள்ளுங்கள். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றை ஏற்றுங்கள். மறுபடி மிதித்துக் கீழ் கியரைப் போடுங்கள். எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். அந்த ஒரு தட்டின்போது எக்சாஸ்ட் பிரேக் ஆஃபில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுற்று ஏறாது. இதைச் சமதரையில் காலி வண்டியில் நூறு தடவை பழகுங்கள். மலையில் பழகக் கூடாது.

கால் பிரேக்கை எப்படி மிதிப்பது? லேசாக மிதித்துக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. கீழே வரும் வரை லேசாக உரசிக்கொண்டே இருந்தால் டிரம் ஆற வழியே இல்லை. 30 கிலோமீட்டர் வேகம் சரி என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். முள் 30-ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 22-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 30 ஆகும்போது மறுபடி. விட்டிருக்கும் நேரத்தில் காற்றுப் பட்டு டிரம் கொஞ்சம் ஆறும். நான்கு சக்கரமும் சமமாக வேலை செய்வதும் அழுத்தமாக மிதிக்கும்போதுதான். சரியான கியரில் வந்தால் இரண்டு மிதிக்கு நடுவே நல்ல இடைவெளி கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் கியர் தப்பு.

குத்திக் குத்தி வேகமாக மிதிப்பதும் வேண்டாம். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று போகிறது.

ஏர் பிரஷர் பஸ்ஸர் அடித்தால்?

உடனே, இருக்கிற காற்றிலேயே, ஓரம் கட்டுங்கள். காற்று இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அது ஹேர்பின் நடுவில் பிடித்தால் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. குளிர்காலத்தில் டேங்கில் தண்ணீர் சேரும்; தினமும் காலையில் வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள்.

மழையிலும் மூடுபனியிலும் எக்சாஸ்ட் பிரேக் போடலாமா?

லோடு வண்டியில் போடலாம், நிதானமாக. காலி வண்டியில் யோசிக்க வேண்டும். எக்சாஸ்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தில் மட்டும். காலி வண்டியின் பின்புறம் எடையில்லாமல் இருக்கும். தூறல் விழுந்த ரோட்டில், கீழ் கியரில் சுவிட்ச் போட்டபடி கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் பின்பக்கம் வழுக்கித் திரும்பிவிடும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு இன்னும் ஒரு கியர் குறைத்து வாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், நடுவட்டம் பக்கம் மழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம். மழை விழ ஆரம்பிக்கும் முதல் பத்து நிமிடம்தான் ரோடு மிக மோசம். தூசியும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு போலாகிவிடும்.

ஏறும்போது ஹேர்பின்னில் எப்போது கியர் மாற்றுவது?

வளைவுக்கு முன். வளைவுக்குள் கை லீவருக்குப் போகவே கூடாது. பாதித் திருப்பத்தில் கியர் நழுவினால் லோடு வண்டி பின்னால் உருளும். பின்னால் சுற்றுலா வேன் ஒட்டிக்கொண்டு நிற்கும். சுற்று கீழே விழும் வரை காத்திருக்காமல், முனக ஆரம்பிக்கும்போதே ஒரு கியர் குறையுங்கள். நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக், பிறகு கிளீனர் இறங்கிக் கட்டை வைக்கட்டும். கிளம்பிய பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். ரோட்டில் விட்டுப்போகும் கட்டையிலும் கல்லிலும் பைக்கில் வருகிறவர்கள் விழுகிறார்கள்.

ஒதுங்க இடமில்லாத மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது.

நீலகிரியில் எந்த ரோடு கஷ்டம்?

குன்னூர் ரோட்டில் 14 ஹேர்பின். பயமுறுத்தினாலும் வளைவே வேகத்தைக் குறைக்க வைக்கும். என் அனுபவத்தில் கோத்தகிரி ரோடுதான் ஏமாற்றும். அரவேணு தாண்டிக் குஞ்சப்பனை வரை நீளமாக, பெரிய வளைவில்லாமல் இறங்கும். வேகம் ஏறுவதே தெரியாது. டிரம் மட்டும் சத்தமில்லாமல் சூடாகும். சீசனில் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்கும் ஒருவழிப் பாதை வரும்போது, அந்த ரோடு பழகாதவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி ரோட்டில் 36 ஹேர்பின், சரிவும் அதிகம். லோடு வண்டியோடு அந்தப் பக்கம் நினைக்கவே நினைக்காதீர்கள். கூடலூருக்கு நடுவட்டம் வழியே போங்கள்.

ஏ.எம்.டி. (தானாக கியர் மாறும்) வண்டி தானே பார்த்துக்கொள்ளாதா?

முன்னால் இருக்கும் இறக்கம் அதற்குத் தெரியாது. மேனுவல் மோடுக்கு மாற்றி கியரைப் பிடித்து வையுங்கள். கார், வேனில் வருகிறவர்களுக்கும் இதேதான். முக்கியமாக, எண்ணெய் பிரேக் இருக்கும் வண்டியில் பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அதில் சேர்ந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும்.

பிரேக் பிடிக்கவே இல்லை, வண்டி ஓடுகிறது. என்ன செய்வது?

கியரை விட்டு வெளியே வராதீர்கள். எக்சாஸ்ட் பிரேக் ஆன். ஹாரனில் கையை வையுங்கள், ஹெட்லைட், நான்கு இண்டிகேட்டர். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி திரும்பிவிடும். இன்னும் நிற்கவில்லையென்றால் மலைச்சுவர் பக்கம், ஓடையில், மண்ணில் உரசுங்கள். கேபின் போனால் போகட்டும். பள்ளத்துப் பக்கம் மட்டும் வேண்டாம். குதிக்கவும் வேண்டாம், ஆளில்லாத வண்டி யார் மேல் ஏறும் என்று தெரியாது.

பர்லியாரில் எல்லா லாரியும் நிற்கிறதே, டீக்காகவா?

டீக்கும்தான். சீசனில் மங்குஸ்தானும் பலாவும் கிடைக்கும். ஆனால் நான் கிளீனராக இருந்தபோது எங்கள் டிரைவர் அண்ணன் டீ சொல்லும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவார், தொடமாட்டார். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் பின் வலது சக்கரத்தில் கை சட்டென்று பின்வாங்கியது. இடது சக்கரத்தில் கையை வைத்தார், சூடே இல்லை. "இது ஒண்ணுதான் வேலை பாக்குது கண்ணு, மத்தது எல்லாம் சும்மா வருது" என்றார். ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகாத சக்கரம் குளிர்ந்தே இருக்கும். அதன் பங்கையும் சேர்த்து இழுக்கிற சக்கரம் கொதிக்கும். அன்றைக்கு அங்கேயே ஜாக்கி போட்டு அட்ஜஸ்ட் செய்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

கருகிய வாசனையோ புகையோ வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விட்டுவிடும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டும் நிறுத்த வேண்டாம். ஆறும்போது டிரம் சுருங்கி, அழுத்திக்கொண்டிருக்கும் ஷூவோடு இறுகிக் கெட்டுப்போகும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மறுபடி ஒரு தடவை புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஆறவில்லை என்றால் இன்னொரு டீ சொல்லுங்கள்.